முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி

மொரப்பூர் ரயிலடியிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 762 மில்லிமீட்டர்தான் அகலம். 1913இல் அந்தப் பாதை ஓசூர் வரை நீண்டது. 1941இல் மூடிவிட்டார்கள், போர்க்காலத்தில் தண்டவாளமும் பெயர்ந்து போனது. அதன் பிறகு மொரப்பூரில் இறங்குகிற சரக்கு தருமபுரிப் பக்கம் போக வேண்டுமென்றால் மாட்டு வண்டி, இல்லையென்றால் மோட்டார் லாரி. அன்றைய மோட்டார் லாரி பெரும்பாலும் பெட்ரோலில் ஓடியது. அதன் இன்ஜின் தலையில் நான்கோ ஆறோ ஸ்பார்க் ப்ளக்குகள் வரிசையாக நின்றன.

இன்று அதே சாலையில் புளி மூட்டையும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிப் போகிற பெரிய லாரிகள் ஏறத்தாழ எல்லாமே டீசல். அவற்றில் ஸ்பார்க் ப்ளக்குக்கு வேலை கிடையாது. ஆனாலும் ப்ளக் வைத்த பழைய சரக்கு வண்டிகள் மறைந்துவிடவில்லை. அப்பா ஓட்டியது என்று போற்றி வைத்திருக்கும் ஃபார்கோ, பெட்ஃபோர்டு. ராணுவ ஏலத்தில் வந்த நிசான் ஒன் டன். டிரெய்லர் இழுத்த பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப். இவை பட்டறைக்கு வந்தால், டீசல் பம்பும் நாசிலும் பார்த்துப் பழகிய கைகளுக்கு ப்ளக் மாற்றுவது அற்ப வேலையாகத் தெரிகிறது. பழையதைக் கழற்று, புதியதை முடுக்கு, அவ்வளவுதானே என்ற எண்ணம். தேய்ந்த ப்ளக் இன்ஜினை மெல்ல மெல்லத்தான் வாட்டும். தப்பாக மாட்டிய புது ப்ளக் ஒரே பயணத்தில் பிஸ்டனைப் பொத்துவிடும். அந்தப் பொத்தலுக்குப் பின்னால் உள்ள இயற்பியலைத் தெரிந்துகொண்டால் வேலை தானாகச் சரியாக வரும் என்பது என் நம்பிக்கை. அதனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் கொஞ்சம் மின்சாரமும் கொஞ்சம் வெப்பமும் பார்த்துவிடலாம்.

பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். ப்ளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை இன்ஜின்மேல் படும்படி வைத்து, ஒருவர் செல்ஃப் அடிப்பார். நுனியில் நீலப் பொறி பறக்கும். "கரண்டு வருதுண்ணே, ப்ளக்கு நல்லாத்தான் இருக்கு" என்பான் பையன். காயிலும் ஒயரும் உயிரோடு இருக்கின்றன என்று அந்தப் பொறி சொல்வது உண்மைதான். ப்ளக் தன் வேலையைச் செய்யுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. ப்ளக் வேலை செய்ய வேண்டிய இடம் வெளிக்காற்று இல்லையே.

ஜெர்மன் இயற்பியலாளர் ஃப்ரீட்ரிஷ் பாஷென் 1889இல் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். இரு உலோக முனைகளுக்கு நடுவே வாயு இருக்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாய எத்தனை வோல்ட் வேண்டும்? வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் இடைவெளியையும் பெருக்கினால் வரும் தொகைதான் அதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். காரணம் எளிது. வாயுவில் எப்போதும் ஓரிரு எலெக்ட்ரான்கள் தனியாகத் திரியும். மின்னழுத்தம் அவற்றை இழுத்து ஓட வைக்கும். ஓடுகிற எலெக்ட்ரான் ஒரு மூலக்கூறின்மேல் போதிய வேகத்தில் மோதினால் இன்னொரு எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நொடியில் ஒரு வெள்ளமாகிவிடும். அந்த வெள்ளத்தைத்தான் நாம் பொறி என்கிறோம். வாயு நெருக்கமாக இருந்தால் எலெக்ட்ரானுக்கு ஓடி வேகம் பிடிக்கவே இடமில்லை. இரண்டடி வைப்பதற்குள் மோதிவிடும். அப்போது அதே வேகத்தைக் கொடுக்க இன்னும் வலுவாக இழுக்க வேண்டும், அதாவது வோல்ட்டைக் கூட்ட வேண்டும்.

கணக்கில் வைத்துப் பார்ப்போம். முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியை வெளிக்காற்றில் தாண்ட சுமார் 3,000 முதல் 3,500 வோல்ட் போதும். பழைய பெட்ரோல் லாரி இன்ஜின் கலவையை ஆறரை, ஏழு மடங்கு சுருக்கும். பொறி விழும் நேரத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் அடர்த்தி வெளிக்காற்றைப்போல நான்கைந்து மடங்கு. அதே இடைவெளிக்கு அங்கே பத்தாயிரம் வோல்ட்டை ஒட்டித் தேவைப்படும். காயிலுக்கு அந்த அளவு தெம்பு இல்லாவிட்டாலோ, பீங்கானில் படிந்த கரி வழியே மின்சாரம் கசிந்தாலோ, வெளியே அழகாகப் பறந்த பொறி உள்ளே பறக்காது.

தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிற வண்டிக்கு விளக்கமும் இதிலேயே கிடைத்துவிடுகிறது. பட்டறையில் ஐட்லிங்கில் சீராக ஓடும். சமதரையில் போகும். சேலத்திலிருந்து பாரத்தோடு வந்து கணவாய் ஏறும்போது டிரைவர் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கிறார். த்ராட்டில் திறந்துவிடுவதால் சிலிண்டர் நிறையக் காற்று நிரம்பி அடர்த்தி உச்சத்துக்குப் போகிறது. பொறி கேட்கிற வோல்ட்டும் உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரம் பார்த்துத் தேய்ந்த ப்ளக் கைவிடும். கார்புரேட்டரைக் குடைவதற்கு முன்னால் ப்ளக் இடைவெளியை அளந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய சர்வீஸ் ஸ்டேஷன்களில் ப்ளக் கிளீனிங் மெஷின் ஒன்று இருந்தது, சில ஐ.டி.ஐ.களில் இன்னும் இருக்கக்கூடும். ஒரு பக்கம் நுண்மணலைப் பீய்ச்சி ப்ளக்கைச் சுத்தம் செய்யும். மறு பக்கம் சின்னக் கண்ணாடிச் சாளரம் வைத்த ஓர் அறை. ப்ளக்கை அதில் முடுக்கி, கம்ப்ரசர் காற்றை ஏற்றி, பித்தானை அழுத்திச் சாளரம் வழியே பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற எந்த இடத்தில் பொறி நின்றுபோகிறது என்று தெரிந்துவிடும். பாஷென் விதியை மெக்கானிக்கின் கைக்கே கொண்டுவந்து கொடுத்த கருவி அது. அது வழக்கொழிந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்படியானால் இடைவெளியைக் குறைத்து வைத்துவிட்டால் வோல்ட் குறைவாகப் போதுமே என்று தோன்றும். போதும்தான், ஆனால் தீ பிடிக்காது. பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் அதைக் கொளுத்தக் கால் மில்லிஜூல் ஆற்றலே போதும். காயில் தருவதோ பல பத்து மில்லிஜூல். இருந்தும் தோற்கக் காரணம், பொறியிலிருந்து முதலில் பிறப்பது குண்டூசித் தலையளவு நெருப்புதான். அதன் இரு பக்கமும் குளிர்ந்த உலோகம் நெருக்கிக்கொண்டு நின்றால், நெருப்பு பரவுவதற்குள் உலோகம் அதன் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். ஆக, அகலம் கூடினால் பொறி தாண்டாது. குறைந்தால் பொறி தாண்டியும் நெருப்பு வளராது. பாயிண்ட், காயில் வைத்த பழைய இன்ஜின்களுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று தயாரிப்பாளர்கள் எழுதி வைத்தது இந்த இரண்டுக்கும் நடுவில் கண்ட இடம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே உங்கள் எண்.

அந்த எண் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் ஒவ்வொரு ப்ளக்கும் நிமிடத்துக்கு 1,200 தடவை பொறி விடுகிறது. ஒரு மணி நேரத்தில் 72,000. ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். இடைவெளி அகலும். கூரான விளிம்புகளும் மழுங்கும். கூரான விளிம்பில் மின்புலம் குவிவதால் பொறி சுலபமாகக் கிளம்பும். மழுங்கினால் அதற்கும் சேர்த்து வோல்ட் கூட வேண்டும். 16,000 கிலோமீட்டரை ஒட்டி ப்ளக்கை மாற்றச் சொல்லிப் பழைய கையேடுகள் எழுதியதற்கு இந்த இரண்டு தேய்மானமும் காரணம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். ப்ளக்கின் நடு முனை, ஓர முனையைவிடச் சூடாக இருக்கும். சூடான உலோகம் எலெக்ட்ரானைச் சுலபமாக உதிர்க்கும். அதனால் நடு முனை நெகட்டிவாக இருக்கும்படி காயிலை இணைத்தால் குறைந்த வோல்ட்டில் பொறி கிளம்பும். 1950களின் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேசிஸில் எர்த் ஆகியிருந்தது. பின்னாளில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தவர்கள் எர்த்தை நெகட்டிவுக்கு மாற்றினார்கள். காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்தார்கள். வண்டி ஓடும்; ஏற்றத்தில் திணறும்; புது ப்ளக் போட்டாலும் திணறும். சோதிக்க வழி உண்டு. தடித்த ரப்பர் பிடியுள்ள குறடால் ப்ளக் ஒயரைப் பிடித்து, ஒயருக்கும் ப்ளக்குக்கும் நடுவே பென்சில் கரிமுனை ஒன்றை நிறுத்த வேண்டும். பொறியின் விரிவு ப்ளக் பக்கம் தெரிந்தால் சரி. ஒயர் பக்கம் தெரிந்தால் காயில் தலைகீழ்.

போர்க்காலத்துக்குத் திரும்புவோம். சின்ன ரயில் நின்ற அதே ஆண்டுகளில் பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. சென்னை மாகாணத்தின் பஸ்களும் லாரிகளும் முதுகில் பெரிய கலன் ஒன்றைச் சுமந்துகொண்டு அடுப்புக்கரியில் ஓடின. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார், டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தார். கலனில் கரி போதிய காற்றில்லாமல் கனலும். வெளியே வருவது கார்பன் மோனாக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன், பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பெட்ரோலில் கிடைத்த பலத்தில் பாதியை ஒட்டித்தான் இதில் கிடைக்கும். ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை அந்தத் தலைமுறை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ப்ளக்கின் பார்வையில் அது ஒரு கடும் சோதனைக்காலம். இந்த வாயு மெதுவாக எரியும். அதனால் பொறியை முன்கூட்டியே விழ வைக்க டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி அட்வான்ஸ் கூட்டினார்கள். வாயுவோடு ஈரம் வரும். காலையில் குளிர்ந்திருக்கும் பீங்கானில் அது வேர்த்து, கலனிலிருந்து தப்பி வந்த சாம்பல் தூசியோடு சேர்ந்து பசையாகும். பத்தாயிரம் வோல்ட்டுக்கு அந்தப் பசை நல்ல குறுக்குவழி. ப்ளக்கைக் கழற்றிச் சூடுகாட்டி மாட்டினால் வண்டி கிளம்புவதன் காரணம் இதுவே: ஈரம் காய்ந்து குறுக்குவழி அடைபடுகிறது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும் நச்சு என்பதால் அந்தக் கலனோடு வேலை செய்தவர்கள் உயிரையும் பணயம் வைத்தார்கள்.

இனி வெப்பம். ஸ்பார்க் ப்ளக் பொறி விடும் கருவி என்பது எல்லோருக்கும் தெரியும். அது பாதி உண்மை. மறு பாதியில் அது வெப்பத்தை அளந்து வெளியேற்றும் கருவி. எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அதில் நனைந்துகொண்டே பீங்கான் நுனி 450 டிகிரிக்கு மேலும் 850 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். 450க்குக் கீழே போனால் படிகிற கரி எரியாமல் தங்கும். மின்சாரம் அதன் வழியே கசியும். 850ஐத் தாண்டி 900ஐ நெருங்கினால் நுனி தணலாகி, பொறி வருவதற்கு முன்பே கலவையைக் கொளுத்தும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தாக்கும். முன்பு சொன்ன பொத்தல் இப்படித்தான் விழுகிறது.

நுனியின் சூடு எந்த வழியாக வெளியே போகிறது? பீங்கான் வழியே இரும்பு உடம்புக்கு, அங்கிருந்து மரை வழியாகவும் வாஷர் உட்காரும் வட்டத்தின் வழியாகவும் சிலிண்டர் ஹெட்டுக்கு, பிறகு தண்ணீருக்கு. இந்தப் பாதையில் பெரும்பங்கு மரைக்கும் வாஷருக்கும் சேர்ந்தது. வாஷர் சரியாக நசுங்கி உட்காராவிட்டால் நடுவில் நிற்பது காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசம். இறுக்கம் குறைந்த ப்ளக்கில் கம்ப்ரஷன் கசிவது சின்ன நஷ்டம். நுனி தணலாவதுதான் பெரிய நஷ்டம்.

பீங்கான் மூக்கின் நீளத்தை வைத்துச் சூட்டு ப்ளக், குளிர் ப்ளக் என்று பிரிப்பார்கள். மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நெடுந்தூரம் போக வேண்டும். நுனி சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். இதைக் குறிக்கும் எண்களில் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி திசை மாறும். என்.ஜி.கே. ப்ளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. 8 என்பது 6ஐவிடக் குளிர்ந்தது. மைக்கோ, பாஷ் ப்ளக்கில் இப்போதைய எண் ஏற ஏறச் சூடு. டபிள்யூ 8, டபிள்யூ 5ஐவிடச் சூடானது. அதே பாஷின் பழைய எண்கள் நேர் எதிர்: டபிள்யூ 175ஐவிட டபிள்யூ 225 குளிர்ந்தது. பழைய 175தான் புதிய 7. பழைய 225தான் புதிய 5. ஐம்பது வருடத்துக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய கடையில் ப்ளக் வாங்குகிறவர் இந்த ஒரு வரியைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

எண்ணோடு மரையின் குறுக்களவும் நீளமும் ஒத்துப்போக வேண்டும். 14 மில்லிமீட்டர் மரையில் 12.7 நீளத்திலும் 19 நீளத்திலும் ப்ளக்குகள் கிடைக்கின்றன. குட்டை போட வேண்டிய ஹெட்டில் நீளத்தைப் போட்டால் நுனி உள்ளே நீண்டு வால்விலோ பிஸ்டனிலோ இடிக்கலாம். இடிக்காவிட்டாலும் வெளியே தெரியும் மரையில் கரி ஏறி, அடுத்த முறை கழற்றும்போது ஹெட்டின் மரையைச் சுரண்டிக்கொண்டு வரும். குட்டையைப் போட்டால் ஹெட்டின் காலி மரையில் கரி நிரம்பிவிடும். பிறகு சரியான ப்ளக்கே ஏறாது.

இப்போது வேலைக்கு வரலாம். இன்ஜின் ஆறியிருக்கட்டும். ஒயர்களில் சிலிண்டர் எண்ணை எழுதிய டேப்பை ஒட்டுங்கள். ஆறு சிலிண்டர் இன்லைன் இன்ஜினில் பொறி விழும் வரிசை பெரும்பாலும் 1-5-3-6-2-4. பழைய நான்கு சிலிண்டர் ஜீப்பில் 1-3-4-2. வரிசை மாறினால் கார்புரேட்டர் வழியே நெருப்பு சீறும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொப்பியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும்.

அடுத்தது அவசரக்காரர்கள் தாண்டிப்போகும் படி. ஃபார்கோ போன்ற சைடு வால்வு இன்ஜினில் ப்ளக் ஹெட்டின் மேலேயே குழிக்குள் நிற்கும். தருமபுரி மாவட்டத்துச் செம்மண் புழுதி முழுக்க அந்தக் குழியில்தான் தங்கும். ப்ளக்கை அப்படியே கழற்றினால் அந்த மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும். முதலில் ப்ளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு கம்ப்ரசர் காற்றால் குழியை ஊதுங்கள். தளர்த்தும்போது மரையிடுக்கிலிருந்து பெயர்ந்த துருவும் அந்த ஊதலில் போய்விடும். அதன் பின்பே முழுதாகக் கழற்ற வேண்டும். சிலிண்டர் சுவரில் சின்னக் கோடு விழுந்தாலும் போரிங் வேலை வரை இழுத்துப் போகும் என்பதை நினைத்தால் இந்த ஐந்து நிமிடம் மிகவும் மலிவு.

இறுகிப் பிடித்திருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். கழற்றும்போது கால் சுற்று திறந்து, கொஞ்சம் மூடி, மறுபடி திறந்து, மரையில் அடைந்த கரியை உடைத்துக்கொண்டே வர வேண்டும். ப்ளக் வெளியே வந்ததும் வாஷரும் கூட வந்ததா என்று பாருங்கள். சில நேரம் பழைய வாஷர் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அது தெரியாமல் புது வாஷரோடு புது ப்ளக் போட்டால் இரண்டு வாஷர் அடுக்கிவிடும். நுனி உள்ளே எட்ட வேண்டிய இடம் எட்டாது. சூடு போகும் பாதையும் கெடும்.

ஆறு ப்ளக்குகளையும் துளையிட்ட ஒரு பலகையில் சிலிண்டர் வரிசைப்படி குத்தி வையுங்கள். எல்லாமே வெளியே இருக்கும் இந்த நேரம்தான் கம்ப்ரஷன் பார்க்க வசதி. த்ராட்டிலை முழுதாகத் திறந்து, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கேஜை ஒவ்வொரு துளையிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால் புது ப்ளக் அதைக் குணப்படுத்தாது. துளைக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டுத் திரும்ப அடித்துப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு.

பிறகு நுனிகளைப் படிக்க வேண்டும். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் நலம். உலர்ந்த கறுப்புப் பொடி இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ப்ளக் தேவைக்கு மேல் குளிர்ச்சி. ஆயில் பளபளப்பு இருந்தால் ரிங்கையோ வால்வு கைடையோ சந்தேகப்படுங்கள். சுண்ணாம்பாக வெளுத்து, முனையில் உருகிய குமிழ்கள் தெரிந்தால் அபாயம்: கலவையில் பெட்ரோல் குறைவு, டைமிங் தவறு, ப்ளக் இறுக்கமின்மை, மிகச் சூடான ரகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஆறில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் குறை அந்தச் சிலிண்டரில். ஆறும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் குறை கார்புரேட்டரிலோ டைமிங்கிலோ.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். பழைய கையேட்டு வண்ணப் படங்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈய உப்புகள் தந்த அந்தப் பழுப்புப் பூச்சு இன்று வராது. நல்ல ப்ளக்கும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று போதும். எத்தனால் ஒரு கிலோவுக்கு 9 கிலோ. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகப் போக வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய ஜெட் அளவிலேயே ஊற்றும். கலவை மெலிந்து நுனி வெளுக்கும். அதைப் பார்த்துவிட்டு ப்ளக்கைக் குளிர் ரகத்துக்கு மாற்ற ஓடாமல், மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவது சரியான வைத்தியம். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் இளக்கிவிடும் என்பதால் அவற்றையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

பழைய ப்ளக்கைத் திரும்பப் போடுவதென்றால் கம்பி பிரஷ்ஷால் பீங்கானைத் தேய்க்காதீர்கள். பிரஷ்ஷின் உலோகம் பீங்கானில் கோடாக ஒட்டி மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கும். முனைகளை மட்டும் சின்ன அரத்தால் தட்டையாக்கி விளிம்பைக் கூராக்கலாம். புது ப்ளக் ஆனாலும் இடைவெளியை அளக்காமல் போடக் கூடாது. பெட்டியிலேயே அளவு வைத்து வருகிறது என்பார்கள். ஒரே ப்ளக் பல வண்டிகளுக்குப் போகிறது, உங்கள் வண்டிக்கு வைத்த அளவு அது அல்ல. தேய்ந்த ப்ளக்கில் தட்டையான ஃபீலர் கேஜ் பொய் சொல்லும். குழிந்த இடத்தை அது தொடாது. வட்டக் கம்பி கேஜ் நல்லது. வளைக்கும்போது ஓர முனையை மட்டும் வளையுங்கள். நடு முனையில் நெம்பினால் பீங்கான் உள்ளுக்குள் விரிசல் விடும்.

மாட்டும்போது ஸ்பேனரை மறந்துவிடுங்கள். ஒரு சாண் பழைய பெட்ரோல் ஹோஸை ப்ளக்கின் தலையில் செருகி, ஹோஸைப் பிடித்துத் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்தால் ப்ளக் சுழன்றுகொண்டே இறங்கும். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கும். இரும்பைக் கெடுக்கும் பலம் அதற்கு இல்லை. கையாலேயே அடி வரை இறங்கிய பிறகு ஸ்பேனர். புது வாஷரோடு 14 மில்லிமீட்டர் ப்ளக் என்றால் வாஷர் தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. ஒருமுறை நசுங்கிய பழைய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் வார்ப்பிரும்பு ஹெட்டில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர். 18 மில்லிமீட்டர் பழைய ப்ளக்குக்கு 35 முதல் 45. மரையில் கிரீஸ், ஆயில் எதுவும் தடவாமல் உலர்வாகப் போடுவதற்கான அளவு இது. தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் ப்ளக் மிகையாக இறுகி, உடம்பு நீண்டு பீங்கானின் பிடி தளரும். "நல்லா முடுக்குடா தம்பி" என்று சொல்லிப் பழகியவர்கள் இந்த இடத்தில் கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இத்தனை நுட்பம் தேவைப்பட்ட கருவியை லாரி உலகம் ஏன் விட்டது? 1954இல் டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரி வந்தது. 1955இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டானது. சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்ட லாரிகளில் பொருத்தினார்கள். டீசல் இன்ஜின் காற்றை பதினாறு, பதினேழு மடங்கு சுருக்கும். அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பொறி வேண்டாம், பாயிண்ட் வேண்டாம், ஈரம் கண்டு மிரளும் காயில் வேண்டாம். எரிபொருள் செலவும் குறைவு. ஷ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷின் பட்டறையில் 1902இல் உயரழுத்த மேக்னட்டோவையும் அதற்கான ஸ்பார்க் ப்ளக்கையும் உருவாக்கியவர் காட்லோப் ஹோனோல்டு. அதே கம்பெனிதான் 1927இல் டீசல் பம்பைத் தயாரித்து ப்ளக்கை லாரியிலிருந்து வெளியேற்ற வழி செய்தது. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோவும் ப்ளக், டீசல் பம்பு இரண்டையும் செய்தது. லாரிப் பட்டறைகளில் மைக்கோ என்றால் பம்பும் நாசிலும் என்றே பொருளாகிவிட்டது.

சின்ன சரக்கு வண்டிகளில் ப்ளக் திரும்பி வந்திருக்கிறது. டாடா ஏஸின் பெட்ரோல் வகை, மாருதி சூப்பர் கேரி, இவற்றின் சி.என்.ஜி. வகைகள் எல்லாவற்றிலும் ப்ளக் உண்டு. சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். அதைக் கிழிக்க பெட்ரோல் கலவையைவிட அதிக வோல்ட் வேண்டும். அதனால் சி.என்.ஜி.க்கான ப்ளக்கில் இடைவெளியைச் சற்றுக் குறைத்தே வைக்கிறார்கள். தேய்மானத்தையும் அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். பெட்ரோல் காருக்கான ப்ளக்கை அப்படியே போட்டால் வெறும் வண்டியில் ஓடும், பாரத்தில் மிஸ் அடிக்கும். காரணம் அதே பாஷென் விதி. இந்த வண்டிகளின் ஹெட் அலுமினியம். பல இன்ஜின்களில் மரையும் 12 அல்லது 10 மில்லிமீட்டர்தான். பழைய ஃபார்கோவின் வார்ப்பிரும்பில் பழகிய கை இங்கே இறுக்கினால் மரை வழித்துக்கொண்டு போகும். 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும் என்பதால் ஹெட் முழுதாக ஆறிய பிறகே ப்ளக்கில் ஸ்பேனரை வைக்க வேண்டும்.